தேயிலையும் சிறுத்தையும் ஒரே படத்தில்: வாசகர் கேள்வி – பதில்

காட்டுயிர்ப் படங்கள் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கமரா, லென்ஸ், விலை பற்றியவைதான். ஹட்டனில் ஸ்டூடியோ நடத்துகிறவள் என்பதால் என்னிடம் அதைக் கேட்பது இயல்பு. கருவி பற்றியும் சொல்கிறேன். ஆனால் எங்கே நிற்பது, எதைப் படத்துக்குள் விடுவது, எதை எடுக்காமல் திரும்பி வருவது என்பதையெல்லாம் தீர்மானிக்கிறவர் படம் எடுப்பவர்தான். இந்த முறை அதைப் பற்றித்தான் அதிகம் பேச ஆசைப்படுகிறேன்.

அக்கா, உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். கையில் இருப்பது போன் மட்டும்தான். காட்டு விலங்கு எடுக்க 600 மில்லிமீற்றர் லென்ஸ் இல்லாமல் முடியாது என்று யூடியூபில் சொல்கிறார்கள். கடன் எடுத்தாவது வாங்கித்தரச் சொல்லி அப்பாவிடம் கேட்கலாமா?
– மாணவர், தலவாக்கலை

வேண்டாம் தம்பி. அப்பாவைக் கடனாளி ஆக்க வேண்டாம்.

தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் 600 மில்லிமீற்றர் லென்ஸ் திறந்த வெளிக்கு நல்லது. யாலவில் ஜீப்பில் இருந்தபடி தூரத்துப் பாறையில் படுத்திருக்கும் சிறுத்தையை எடுக்க அது வேண்டும். நம் மலைக்காடு அப்படியல்ல. மரங்கள் குள்ளம், கிளைகள் நெருக்கம், பாதி நாள் பனிமூட்டம். தூரத்தில் ஏதாவது நின்றாலும் எந்த லென்ஸுக்கும் அது வெறும் நிழல்தான். நம் காட்டின் அருமையான உயிர்கள் பல, கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

கொம்பு ஓணானைப் பார்த்திருக்கிறீர்களா? மூக்கு நுனியில் வெள்ளையாக ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். ஆணுக்குத்தான் கொம்பு பெரிது. இலங்கையின் உயர்ந்த மலைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. ஹக்கல பூங்காவை ஒட்டிய காட்டிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் இருக்கிறது. அதே காடுகளில் இன்னொரு சின்ன ஓணானும் உண்டு. பாசி படிந்த கிளையில் அதுவும் ஒரு பாசித்துண்டு மாதிரியே ஒட்டிக்கொண்டிருக்கும். வாலால் கிளையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். மெதுவாகத்தான் நகரும். ஓணான்கள் பெரும்பாலும் முட்டையிடும், இது குட்டி போடும். இந்த இரண்டையும் படம் எடுக்க உங்கள் போன் தாராளமாகப் போதும்.

கொம்பு ஓணானைக் கண்டதும் போனை வெளியே எடுக்க வேண்டாம். முதலில் உட்காருங்கள். நீங்கள் கிட்டே போகப் போக அது மரத்தின் மறுபக்கத்துக்கு நைசாக நகர்ந்துவிடும். நீங்கள் அசையாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும். அதன் கண் உயரத்துக்குப் போனைக் கொண்டுவாருங்கள். இப்போது கொம்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெளிறிய வானம் இருந்தால் அந்த வெள்ளைக் கொம்பு படத்தில் காணாமல் போய்விடும். நீங்கள் ஒரு சாண் இடப்பக்கம் சாய்ந்தால் அதே கொம்புக்குப் பின்னால் இருண்ட பன்னம் வந்துவிடும். அப்போது கொம்பு பளிச்சென்று தனியாக நிற்கும். நான் எடுத்த ஓணான் படங்களில் எனக்குப் பிடித்த எல்லாவற்றிலும் இந்த ஒரு சாண் நகர்வு இருக்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கமராவும் உங்களுக்காக அப்படிச் சாய்ந்து பார்க்காது.

திரையில் ஓணானின் கண்ணைத் தொட்டுக் குவியத்தை அங்கேயே நிலைநிறுத்துங்கள். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். விரலால் இழுத்துப் பெரிதாக்க வேண்டாம், பிறகு வெட்டிக்கொள்ளலாம். மழை விட்ட பிறகு போனால் பாசியின் பச்சை மிக அழகாக இருக்கும். பிளாஷ் போடாதீர்கள்.

ஒரு வருடம் இப்படிச் செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் கமரா வேண்டும் என்று தோன்றினால் நல்ல நிலையில் இருக்கும் பழைய கமராவோடு 300 மில்லிமீற்றர் வரை போகும் சாதாரண லென்ஸ் ஒன்றைப் பார்க்கலாம். அப்போது எழுதுங்கள், தேர்ந்தெடுக்க உதவுகிறேன்.

பனிமூட்டத்தில் எடுக்கும் படமெல்லாம் அழுக்குச் சாம்பலாக வருகிறது. கமரா பழுதா?
– வாசகர், கந்தப்பளை

பழுதில்லை. கமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, தான் பார்ப்பதெல்லாம் சராசரியாக நடுச்சாம்பல் என்று எண்ணிக் கணக்குப் போடுகிறது. முன்னால் வெள்ளைப் பனி நிறைந்திருந்தால், வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கும். கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தானில் 0.7 அல்லது 1 அளவு கூட்டிவிடுங்கள். போனில் சூரியன் போன்ற அடையாளத்தை மேலே தள்ளுங்கள். கறுத்த மந்தி படத்தை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இதற்கு நேர்மாறு, அப்போது குறைக்க வேண்டும்.

சிலர் பிறகு கணினியில் ஒரு பொத்தானை இழுத்துப் பனியையே துடைத்து எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் காடே பனியைக் குடித்து வாழ்கிற காடு. மரத்தில் தொங்கும் பாசியும், குள்ளமான மரமும், மந்தியின் அடர்ந்த உரோமமும் அந்தக் குளிராலும் ஈரத்தாலும் வந்தவை. பனி படத்தில் இருக்கட்டும்.

ஈரம் லென்ஸுக்குள் பூஞ்சையையும் வளர்க்கும். நுவரெலியாப் பக்கத்திலிருந்து என்னிடம் வரும் பழைய லென்ஸ்கள் பலவற்றில் சிலந்தி நூல் போல அது படர்ந்திருப்பதைப் பார்க்கிறேன். தோல் பையிலும் அலமாரியிலும் வைக்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். வெளிக்குளிரிலிருந்து அடுப்பு எரியும் குசினிக்குள் வந்தவுடன் கமராவை வெளியே எடுத்தால் கண்ணாடி வியர்த்துவிடும். கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

மகள், எங்கள் ஊர் சென். மேரி தேவாலயத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற புகழ்பெற்ற படப்பிடிப்பாளரின் கல்லறை இருக்கிறது. வெளிநாட்டவர் தேடி வந்து பார்க்கிறார்கள். அவர் மனிதர்களைத்தானே எடுத்தார், காட்டுயிர் எடுப்பவர்களுக்கு அவரிடம் கற்க என்ன இருக்கிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பொகவந்தலாவை

சேர், நீங்கள் கேட்டது எனக்கு மிகப் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கமரன் அம்மையாருக்கு முதல் கமரா கிடைத்தது 1863 டிசம்பரில். மகளும் மருமகனும் கொடுத்த பரிசு. அப்போது அவருக்கு வயது 48. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவ வேண்டிய காலம். எதிரே உட்கார்ந்திருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டுதான் சார்ல்ஸ் டார்வினையும் கவிஞர் டெனிசனையும் எடுத்தார். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்தார்.

அவருடைய படங்கள் மங்கல், குவியம் சரியில்லை என்று அந்தக் காலத்துப் படப்பிடிப்புச் சங்கத்துக்காரர்கள் குறை சொன்னார்கள். லென்ஸைத் திருகிக்கொண்டு வரும்போது தன் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் அவர் நிறுத்திவிடுவார். கூர்மைக்காக மேலும் திருகமாட்டார். அவர் வேண்டுமென்றே எடுத்த முடிவு அது. இன்று காட்டுயிர்ப் படம் எடுப்பவர்கள் ஒவ்வோர் இறகும் எண்ணும்படி தெரிய வேண்டும் என்று பாடுபடுகிறார்கள். அடையாளம் காண அது தேவைதான். ஆனால் மந்திக்கூட்டம் ஒன்று பனிக்குள் மரம் விட்டு மரம் தாவும்போது, வாலும் கையும் இழுபட்டுக் கோடாகத் தெரிகிற ஒரு படம் அந்தத் தாவலின் வேகத்தைச் சொல்லும். உறைந்து நிற்கும் கூர்மையான படத்தில் அந்த வேகம் இருக்காது. எது வேண்டும் என்று முடிவுசெய்ய, அந்த மிருகத்தில் தன்னை ஈர்த்தது எது என்று எடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும் சேர். இது என் மனதை உறுத்துகிற விஷயம். இங்கிலாந்தில் எடுத்த படங்களுக்குக் கீழே டார்வின், டெனிசன் என்று பெயர் இருக்கிறது. இலங்கையில் எடுத்த படங்களில் மிகச் சிலதான் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் இருக்கும் நம் நாட்டுப் பெண்கள், தோட்டத்து ஆட்கள் பலருக்குப் பெயர் இல்லை. அவர்கள் யார், யாருடைய பாட்டி, எந்த ஊரிலிருந்து கடல் தாண்டி வந்தவர்கள் என்பதெல்லாம் போய்விட்டது.

காட்டுயிர்ப் படத்திலும் இதே இழப்பு இன்றும் நடக்கிறது. விலங்கு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தவர் கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவாகவோ, தண்ணீர்ப் பீலியைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தாத்தாவாகவோ இருப்பார். பத்திரிகையில் படம் வரும்போது எடுத்தவர் பெயர் மட்டும் இருக்கும். நான் என் படங்களுக்குக் கீழே காட்டியவர் பெயரையும் அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். பத்திரிகைக்காரர்கள் வெட்டினால் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன். கண்டுபிடித்த கண்ணுக்கு அந்தப் படத்தில் பாதிப் பங்கு உண்டு.

எங்கள் டிவிஷனுக்குள் சிறுத்தை வந்து போகிறது. லயத்து நாய்கள் காணாமல் போகின்றன. போனில் எடுத்து முகநூலில் போட்டால் நல்ல வரவேற்பு இருக்கும். போடலாமா, எப்படி எடுப்பது?
– தோட்டத்து இளைஞர், மஸ்கெலியா

தம்பி, இதைக் கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தீர்களே, அதற்கு முதலில் நன்றி.

2020 மே மாதம் உங்களுக்குப் பக்கத்தில், நல்லதண்ணித் தோட்டப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிக் கண்ணியில் சிக்கியது. மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள், சில நாளில் இறந்துவிட்டது. இந்த நாட்டில் கருஞ்சிறுத்தையைக் காண்பது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கம்பியைச் சிறுத்தைக்கென்று வைத்திருக்க மாட்டார்கள். பொதுவாகக் காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்கு அது. கழுத்திலோ இடுப்பிலோ இறுகினால் சிறுத்தை இழுக்க இழுக்க உள்ளே வெட்டும். அப்படிச் சிக்கிய மிருகத்தைச் சுற்றி ஊரே கூடி நின்று போனை நீட்டும்போது, அது பயத்தில் இன்னும் இழுக்கும். சிக்கிய சிறுத்தையைப் பார்த்தால் படம் எடுக்க நிற்காமல் ஆட்களை விலக்கி, வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். அந்த இடத்தில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

குட்டிகளைத் தேயிலைச் செடிகளுக்கு அடியில் கண்டாலும் அப்படித்தான். தாய் குட்டிகளை மறைத்துவிட்டு இரை தேடப் போயிருக்கும். தொடாமல், சூழ்ந்து நிற்காமல் விலகிவிட்டால் பெரும்பாலும் அது வந்து கொண்டுபோய்விடும்.

சரி, பாதுகாப்பான தூரத்தில், வீட்டுக்குள் இருந்தோ வண்டிக்குள் இருந்தோ பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எப்படி எடுப்பது?

ஆயுள் முழுக்கக் கொழுந்து எடுத்தவர் என் அம்மா. டர்பன்டைன் மரத்து மந்திகள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்துக் கத்தினால், அந்தப் பக்கத்து மலையில் கூடையோடு இறங்கமாட்டார். இரவில் குரைத்துக்கொண்டே இருந்த நாய் சட்டென்று அடங்கி இஸ்தோப்பில் வந்து ஒண்டினால் கதவைச் சாத்திவிடுவார். சிறுத்தை எந்த நேரத்தில், எந்தக் கானோடு (வடிகாலோடு) இறங்கி எந்தக் காட்டுத்துண்டுக்குள் போகும் என்று அவருக்குத் தெரியும். உங்கள் டிவிஷனிலும் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். முதலில் அவரிடம் போய்க் கேளுங்கள். அந்த வழியைத் தெரிந்துகொண்டவர் பின்னால் ஓட மாட்டார். அது தானாக வரும் இடத்துக்கு எதிர்ப்பக்கம், அதற்குத் தொல்லையில்லாத தூரத்தில் இருப்பார்.

அடுத்தது, முகத்தை மட்டும் நெருக்கமாக எடுக்க ஆசைப்படாதீர்கள். சிறுத்தையின் முகம் யாலவில் ஆயிரம் பேர் எடுத்தாகிவிட்டது. உங்கள் சிறுத்தை தேயிலைக்குள் நடக்கிறது. தேயிலை வரட்டும், கவ்வாத்து வெட்டிய மொட்டைச் செடி வரட்டும், தூரத்தில் லயத்தின் தகரக்கூரையும் கொடியில் காயும் சேலையும் வரட்டும். நம் ஊரில் மனிதரும் சிறுத்தையும் ஒரே மலையைப் பங்குபோட்டு வாழ்கிறார்கள். அந்தச் சேதியைச் சொல்லும் படத்தை எடுக்க உங்களைவிடப் பொருத்தமானவர் யாரும் இல்லை. கொழும்பிலிருந்து வருகிறவர் பெரும்பாலும் லயத்தை வெட்டி, காடு மட்டும் தெரியும்படி எடுத்துவிட்டுப் போவார்.

அமெரிக்காவில் ஸ்டீவ் விண்டர் என்ற படப்பிடிப்பாளர், லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குள் வாழ்ந்த பூமா என்ற பெரிய பூனையினத்து விலங்கு ஒன்றை எடுக்கத் தானியங்கிக் கமராவை வைத்து 15 மாதம் காத்திருந்தார். 2013இல் அந்தப் படம் வெளிவந்தது. இரவில் பூமா நடந்து போகிறது, அதற்குப் பின்னால் மலைச்சரிவில் ஹொலிவுட் என்ற பெரிய எழுத்துகள் ஒளிர்கின்றன. அந்த எழுத்துகள் இல்லாவிட்டால் அது இன்னொரு பூமா, அவ்வளவுதான். எழுத்துகளை உள்ளே கொண்டுவரும் இடத்தில் கமராவை வைத்தது அவர் எடுத்த முடிவு. பிறகு, நெடுஞ்சாலையை விலங்குகள் கடக்க ஒரு பாலம் வேண்டும் என்று நடந்த இயக்கத்துக்கு அந்தப் பூமாதான் முகம் ஆனது.

உங்கள் படம் ஆராய்ச்சிக்கும் உதவும். ஒவ்வொரு சிறுத்தைக்கும் புள்ளி அமைப்பு வேறு. பக்கவாட்டில், விலாப்புறம் தெளிவாகத் தெரிய எடுத்தால் அது எந்தச் சிறுத்தை என்று சொல்லிவிடலாம். அஞ்சலி வாட்சன், அன்ட்ரூ கிட்டில் ஆகியோர் டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் தானியங்கிக் கமரா வைத்து இப்படித்தான் சிறுத்தைகளைக் கண்காணித்து வருகிறார்கள்.

முகநூலில் போடுவதானால் சுடச்சுடப் போடாதீர்கள். பல வாரம் போகட்டும். போனில் இட விவரம் பதியும் வசதியை நிறுத்துங்கள். டிவிஷன் பெயரை எழுதாதீர்கள். தேயிலையும் லயமும் எல்லாத் தோட்டத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அவை படத்தில் இருந்தால் பயமில்லை. கோயில் கோபுரம், மலை நம்பர் பலகை, ஸ்டோர் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். கம்பி வைக்கிறவரும் அந்தப் படத்தைப் பார்ப்பார்.

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகும் வழியில் அரெங்கா குளத்தில் இலங்கைச் சீகாரப் பூங்குருவி கிடைக்கும் என்கிறார்கள். அதன் குரலைப் போனில் போட்டு அழைத்தால் வெளியே வருமாமே?
– வங்கி ஊழியர், பண்டாரவளை

போட்டால் வரலாம். போடாதீர்கள். தன் இடத்துக்குள் இன்னோர் ஆண் நுழைந்துவிட்டது என்று நினைத்து, தீனியை விட்டுவிட்டு, குஞ்சு இருந்தால் அதையும் விட்டுவிட்டு வரும். நீங்கள் போன பிறகு அடுத்த வான் வரும், அவர்களும் போடுவார்கள். அழிந்துபோகும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிற பறவை அது. மலைக்காட்டு நீரோடைகளை விட்டு வேறெங்கும் வாழாது.

விடிவதற்கு முன் போய் அமைதியாக நில்லுங்கள். மெல்லிய, நீண்ட சீழ்க்கை ஒன்று கேட்கும். கறுப்புப் பறவை, இருட்டுக் கரை, இன்னும் வராத வெளிச்சம். தோளில் இருக்கும் நீலத் திட்டு மட்டும் ஒரு கணம் மின்னும். பிளாஷ் அடித்து இதைப் பகல் போல ஆக்கிவிட நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. விடியலிலும் அந்தியிலும் நிழலில் வாழும் பறவை அது. படமும் இருட்டாக, நீரின் ஓரத்தில் ஓர் உருவம் மட்டும் தெரிகிறதாக இருக்கட்டும். ஷட்டர் வேகம் குறைவாக இருக்கும், கை அசைந்தால் படம் கலங்கிவிடும். கம்பியிலோ பையிலோ கமராவை ஊன்றிக்கொள்ளுங்கள்.

அதே பயணத்தில், ஹோர்ட்டன் சமவெளியில் உள்ள ஃபார் இன் பக்கம் மரைகள் மனிதரிடம் வந்து நிற்கும். பிஸ்கட், பாண் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். கொடுப்பது தடை, மரைக்கும் நல்லதல்ல. படத்துக்காகக் கொடுப்பவரை நீங்கள் தடுத்துச் சொன்னால் மகிழ்ச்சி.

படத்தில் குறுக்கே வந்த கிளையைக் கணினியில் அழிக்கலாமா? செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பின்னணியை மாற்றலாமா?
– வாசகி, பதுளை

என் ஸ்டூடியோவில் மணப்பெண்ணின் முகப்பருவை எடுத்துக் கொடுக்கிறேன். அவரே கேட்கிறார், அது அவருடைய படம். காட்டுயிர்ப் படம் வேறு. பார்க்கிறவர் இது நடந்தது என்று நம்பித்தான் பார்க்கிறார். வெளிச்சம், நிறம், வெட்டு இவற்றைச் சரிசெய்யலாம். இல்லாததைச் சேர்ப்பதும் இருந்ததை எடுப்பதும் வேண்டாம்.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் 2009ஆம் ஆண்டின் முதற்பரிசு, வேலி வாயிலைத் தாண்டும் ஓர் ஓநாய்ப் படத்துக்குக் கிடைத்தது. அது பழக்கப்பட்ட ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவுக்கு வந்து அடுத்த ஆண்டு பரிசைத் திரும்பப் பெற்றார்கள். எடுத்தவர் மறுத்தார். அந்தப் படத்தில் ஒளியும் அமைப்பும் அற்புதம், கணினியில் எதையும் மாற்றியதாக யாரும் சொல்லவில்லை. ஆனாலும் காட்டு ஓநாய் என்ற நம்பிக்கை போனவுடன் அதைப் பார்க்கும் கண் மாறிவிட்டது. கிளை விஷயமும் அப்படித்தான். குறுக்கே வந்தால் அடுத்த முறை அரை அடி தள்ளி நில்லுங்கள். அல்லது, கிளைக்கு நடுவில்தான் அந்தப் பறவை வாழ்கிறது என்று கிளையையும் சேர்த்தே எடுங்கள்.

நிக்கானா, கெனனா?
– வாசகர், வெலிமடை

இரண்டும் நல்லவை. உங்கள் நண்பரிடம் எது இருக்கிறதோ அதையே வாங்குங்கள். லென்ஸை மாறி மாறிப் பாவிக்கலாம்.

தங்கச்சி, நான் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். மகள் விடியக்காலையில் காட்டோரம் போய்ப் பறவை எடுக்க வேண்டும் என்கிறாள். பிள்ளைக்கு ஆசை, எனக்குப் பயம். என்ன சொல்வது?
– ஒரு தாய், ஹப்புத்தளை

அக்கா, உங்கள் பயம் நியாயம். மகளின் ஆசையும் நியாயம். அவளைத் தனியாக அனுப்ப வேண்டாம். தோழிகளோடோ அண்ணன் தம்பியோடோ போகட்டும். முடிந்த நாளில் நீங்களே கூடப் போங்கள். அந்த மலையை உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த வழிகாட்டிக்கும் தெரியாது. எந்தப் புதரில் எந்தக் குருவி கூடு கட்டும், மானாப்புல்லுக்குள் எது ஓடும் என்று நீங்கள் சொல்லச் சொல்ல அவள் கற்றுக்கொள்வாள். கூட்டுக்குக் கிட்டே மட்டும் போக வேண்டாம் என்று சொல்லுங்கள், தாய்க்குருவி கூட்டையே விட்டுவிடக்கூடும்.

தொடங்குவதற்குக் காட்டுக்குள் போகத் தேவையில்லை. தேயிலை மலையின் ஓரம், பீலியடி, காய்கறித் தோட்டம், கல்யாண முருங்கை மரம் போதும். அந்த மரம் பூத்தால் பறவை தானாக வரும். குளிர்காலத்தில் ஆறுமணிக் குருவி இந்தியாவிலிருந்து வந்து நம் தோட்டங்களில் தங்கும். நுவரெலியாவுக்குப் போக முடிந்தால் விக்டோரியா பூங்காவிலும் அந்த மாதங்களில் பார்க்கலாம், அங்கே காஷ்மீர் ஈப்பிடிப்பானும் வரும். வனத்துறைக் காடு என்றால் அனுமதி வேண்டும். தோட்டத்துக்குள் என்றால் துரையிடமோ வெளிக்கள உத்தியோகத்தரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சிறுத்தையைவிட நான் பயப்படுவது குளவிக்குத்தான், உங்களுக்கும் அது தெரியும். கமராவைக் கண்ணில் வைத்தவர் மேலே பார்க்க மறந்துவிடுவார். எங்கே நிற்பதானாலும் முதலில் தலைக்கு மேலே கிளையையும் பாறையையும் பார்க்க வேண்டும் என்று பழக்குங்கள். கூடு இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம், வாசனைத் திரவியம் பூச வேண்டாம். கலைந்துவிட்டால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு ஓட வேண்டும். கொட்டிய பிறகு மூச்சுத் திணறினாலோ தலை சுற்றினாலோ வீட்டில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மகள் எடுக்கும் படங்களில் இரண்டு மூன்றை இந்த இதழுக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்த நேரத்தில் எடுத்தாள், பறவை என்ன செய்துகொண்டிருந்தது, யார் அதை முதலில் காட்டியது என்றும் எழுதட்டும். காட்டியது நீங்கள் என்றால் உங்கள் பெயரையும் சேர்த்துப் போடுகிறோம்.